நாலு கட்டம்

“நாலு கட்டம் எங்குட்டுப் போச்சுன்னு கேக்குறேன். வாயத் தொறந்து சொல்லு!”

“எங்கிட்டக் கேட்டா? வண்டிகிட்டக் கேளுங்க.”

“வண்டிக்கு மட்டும் வாய் இருந்துச்சு, உன் கதை பூரா சந்தி சிரிச்சிருக்கும்!”

“சிரிக்கட்டும் சார். வேணும்னா மைக் செட்டு வச்சுக் கேட்டாலும் சரி. நான் வண்டிய எங்குட்டும் ஓட்டிக்கிட்டுப் போகல.”

கானாடுகாத்தானில் உமையாள் ஆச்சியின் வீட்டு முகப்பில் காலை ஏழரை மணிக்கு நடந்த சண்டை இது. வீடு என்று சொன்னாலும் ஆறு வருஷமாக அது பதினாலு அறை கொண்ட ஓட்டல். கத்தியவர் மேனேஜர் பாண்டியராஜன். திருப்பிக் கத்தியவள் பேட்டரி கார் ஓட்டும் வீரலட்சுமி. காலைப் பலகாரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் கந்தரப்பத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு வெளிநாட்டுத் தம்பதி, இதுவும் அறை வாடகையில் சேர்ந்த பாரம்பரிய நிகழ்ச்சி என்று நினைத்து வீடியோ எடுத்தது.

பாண்டியராஜன் கையில் போன் இருந்தது. போனில் இரண்டு படங்கள். முதல் படம், முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு சார்ஜர் வயரைப் பிடுங்கிய கையோடு எடுத்தது. வண்டியின் மீட்டரில் பத்துக் கட்டமும் பச்சையாக, பல் விளக்கிய வாய் மாதிரி வரிசையாக நின்றன. இரண்டாவது, இன்று காலை ஏழு மணிக்கு எடுத்தது. ஆறு கட்டம்தான். நடுவில் நாலு காணோம்.

“நான் போட்டா எடுத்து வச்சிருக்கேன். போட்டா பொய் சொல்லுமா?”

போட்டா பொய் சொல்லாதுதான். மீட்டர் சொல்லுமா என்று அந்த முகப்பில் யாரும் கேட்கவில்லை.

இந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பின்பக்கம் பார்த்த இருக்கையையும் சேர்த்து ஆறு பேர் உட்காரலாம். பக்கத்துக்குக் கதவு கிடையாது. விருந்தாளிகள் கோல்ஃப் கார் என்பார்கள். கானாடுகாத்தானில் கோல்ஃப் ஆடும் அளவுக்கு எந்தக் காலத்திலும் புல் முளைத்ததில்லை, ஆகவே ஊரார் பேட்டரி கார் என்றே சொன்னார்கள். முன் இருக்கைக்குக் கீழே கறுப்புக் கறுப்பாக ஆறு பேட்டரிகள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்ட அதில் ஒன்றும் இல்லை. முக்கியமானது, ஓடும்போது சத்தமே வராது.

இந்தக் கடைசி விஷயம்தான் வீரலட்சுமிக்கு வினையாகப் போனது. இரண்டு வாரமாகக் கட்டங்கள் காணாமல் போக ஆரம்பித்ததும், அவள் ராத்திரியில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் வருகிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. எதிர்வரிசை அனுசுயா, தான் காதால் கேட்டதாகவே சொன்னார். “பதினோரு மணி இருக்கும். நம்ம வாசலத் தாண்டிப் போச்சு. நான் கேட்டேன்ல!” அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேரும் கேட்டார்கள். ஆக, சத்தமே போடாத ஒரு வண்டியின் சத்தத்தை அந்தத் தெருவில் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். எங்கே போகிறாள் என்பதில்தான் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் பள்ளத்தூர் என்றார். ஒருவர் ஒக்கூரே போய்வருகிறாள் என்றார். அந்த வண்டி ஒக்கூருக்குப் போய்ச் சேர்வதென்றால் அடுத்த பொங்கல் வந்துவிடும்.

வீரலட்சுமி ஒக்கூர்க்காரி. வயது முப்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை என்பதை அவளைவிடத் தெரு நன்றாக நினைவில் வைத்திருந்தது. ஓட்டலுக்குப் படுக்கை விரிப்பு மாற்றத்தான் வந்தாள். பழைய டிரைவர் துபாய்க்குப் போனதும், அவர் போகும் முன்பே மத்தியான வேளைகளில் ஓட்டிப் பழகியிருந்த இவளிடம் உமையாள் ஆச்சி சாவியைக் கொடுத்துவிட்டார். அந்தச் சாவியைத்தான் இப்போது பாண்டியராஜன் கேட்கிறார். அவருடைய மச்சினன் அஜித் பட்டம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தான். சும்மா இருப்பவன் வண்டியில் உட்கார்ந்து இருக்கலாமே என்று அவருக்கு ஓர் எண்ணம்.

சாவி போனால் வீரலட்சுமி திரும்ப ஒக்கூருக்குத்தான் போக வேண்டும். அங்கே அவளுடைய அப்பா பெரியகருப்பன் முன்னமே சொல்லி வைத்திருந்தார். “வேல இருக்க வரைக்கும் உன் இஷ்டம். வேல போச்சுன்னா அந்த ரைஸ்மில்லுக்காரருக்குச் சரின்னு சொல்லிரணும்.” ரைஸ்மில்லுக்காரர் நல்ல மனுஷர். அவர் வந்து பெண் பார்த்த அரைமணி நேரத்தில் தவிட்டைப் பற்றி மட்டும் இருபத்தைந்து நிமிஷம் பேசினார்.

சண்டை சத்தம் கேட்டு உமையாள் ஆச்சி உள்முற்றத்து வளவிலிருந்து வந்தார். ஐம்பத்து நாலு வயது. கணவர் சென்னையில், மகள் சென்னையில், மகன் சிங்கப்பூரில். ஆச்சி மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து ஓட்டலாக்கியவர். இரண்டு படத்தையும் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

“சனிக்கிழமை நானே ஏறி வாரேன்” என்றார். “கடைசித் தெருவுல பங்காளி வீட்டுல கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிறாக, பாக்கணும். வண்டி போயிட்டு வரட்டும். வந்துச்சுன்னா சாவி ஒங்கிட்ட. வழியில நின்னுச்சுன்னா பாண்டியராஜன் சொல்றதக் கேக்குறது.”

இன்னும் மூன்று நாள் இருந்தது.

வீரலட்சுமி முதல் இரண்டு நாளும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது அவளுக்குப் புதிதில்லை. மத்தியானம் விருந்தாளிகள் சாப்பிட்டுத் தூங்கும்போது வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்து அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே அவளும் பாதி தூங்குவாள். வந்து நிற்கும்போது மூன்று கட்டம் இருக்கும். இலை நிழல் மேலே ஊர்ந்துகொண்டிருக்கும். கண் செருகித் திறந்தால் நாலு. இன்னொரு தரம் செருகித் திறந்தால் ஐந்து. யாரும் வயரைச் செருகவில்லை, ஒன்றும் செய்யவில்லை. தூங்குகிற வண்டி கனவு காண்கிறது, கனவில் எங்கேயோ போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறது என்று அவளுக்குத் தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதையும் அனுசுயா கேட்டிருப்பார்.

இப்போது அதைத் சலவைக்குத் துணி போடும் சீட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். நிற்கும்போது ஐந்து. பெடலை மிதித்ததும் மூன்று. சிவன் கோயில் மேட்டில் ஒன்று. மேட்டைத் தாண்டி நின்றால் மூன்று. எழுத எழுத அவளுக்குத் தலை சுற்றியது. ஒரே வண்டி, ஒரே நாழிகை, நிமிஷத்துக்கு ஒரு பேச்சு. இதில் எந்தக் கட்டத்தை நம்புவது?

வெள்ளிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. வழக்கமாக ஒக்கூர் போவாள். அந்த வெள்ளி காரைக்குடி பஸ்ஸில் ஏறி, பர்வீன் பானுவின் பேட்டரிக் கடைக்குப் போனாள். பர்வீனுக்கு இவள் வயதுதான். புருஷன் முஜிபுர் ரகுமான் சவுதியில் இருந்தார். கடையை இவள் எடுத்து நடத்த ஆரம்பித்த பிறகு வியாபாரம் ஒரு சுற்றுப் பெருத்தது என்பது ஊரறிந்த விஷயம், முஜிபுர் ரகுமானுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சீட்டை வாங்கிப் படித்த பர்வீன் சிரித்துவிட்டாள்.

“இது என்ன பிள்ள, காய்ச்சக்காரிக்கு எழுதுற மாதிரி நேரத்துக்கு நேரம் எழுதி வச்சிருக்க?”

“எது நெசம்னு தெரியல. அதான்.”

“அந்த மீட்டரு உள்ள எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எட்டிப் பாத்துச் சொல்லாது. இப்ப எவ்வளவு வேகமாத் தள்ளுதுங்கறத மட்டும்தான் காட்டும். வோல்ட்டு. மிதிச்சா எறங்கும். நின்னா கொஞ்சம் ஏறும். ஏறுனதப் பாத்து ஏமாந்துறாத, உள்ள ஒண்ணும் புதுசா வந்து சேரல.”

“அப்ப சார்ஜ் போட்டு எடுத்ததும் பத்து காட்டுதே?”

“வயரப் பிடுங்குன ஒடனே பாத்தா எந்தப் பேட்டரியும் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி வெறப்பா நிக்கும். ரெண்டு மணி நேரம் சும்மா விட்டுட்டுப் பாரு. அப்பத்தான் மூஞ்சி தெரியும்.”

வீரலட்சுமிக்கு ரைஸ்மில்லுக்காரர் நினைவுக்கு வந்தார். பாண்டியராஜன் போனில் இருக்கும் முதல் படமும் நினைவுக்கு வந்தது. பிடுங்கிய கையோடு எடுத்த படம்.

“சரி, அதுல ரெண்டு கட்டம் போகும்” என்றாள் பர்வீன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. “நாலு போகாது. சும்மா நிக்கிற வண்டியில நாலு வடியுதுன்னா வேற என்னமோ இருக்கு. தண்ணி என்னா ஊத்துறீக?”

“தெரியாது. அத ஆச்சி பாத்துக்கிறாக.”

“கடையில விக்கிற பேட்டரித் தண்ணிதானே? குழாத் தண்ணி, போர்த் தண்ணி ஆகாது. இரும்பு, செம்பு பட்ட தண்ணி ஆகவே ஆகாது. உள்ளுக்குள்ளயே தின்னுபோடும். ஓட்ட வேண்டியதே இல்ல, நின்ன எடத்துலயே வடிஞ்சிரும். போயிப் பாரு.”

வந்து பார்க்க நேரமில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆச்சி கெட்டிக்கரைச் சேலையில் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். பாண்டியராஜன் வாசலில் நின்று மீட்டரை ஒரு படம் எடுத்தார். எட்டுக் கட்டம்.

போகும்போது வண்டி சமத்தாகப் போனது. அந்தத் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். ஒரு வீட்டு மதில் முடிவதற்குள் ஒரு வெற்றிலையைப் போட்டு முடித்துவிடலாம், அவ்வளவு நீளம். பங்குனி வெயில் தெருவில் கண்ணாடித் தாளை விரித்த மாதிரி நெளிந்தது. சத்தம் இல்லாமல் அதன் மேல் மிதந்து போகும்போது, வண்டி நிற்கிறது, வீடுகள்தான் ஒவ்வொன்றாக எழுந்து பின்னால் போகின்றன என்று வீரலட்சுமிக்கு எப்போதும் தோன்றுவது அன்றும் தோன்றியது. இதற்காகத்தான் அவளுக்கு அந்தச் சாவி வேண்டியிருந்தது. சம்பளம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள், சம்பளம் படுக்கை விரிப்புக்கும் ஏறக்குறைய அதேதான்.

பங்காளி வீட்டில் ஆச்சி வெள்ளையடிப்பைக் குறை சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. திரும்பும்போது மணி பன்னிரண்டரை. மீட்டரில் நாலு. இரண்டாவது தெரு திரும்பியதும் இரண்டு. முகட்டில் யானைகளோடு கஜலட்சுமி உட்கார்ந்திருக்கும் பெரிய வீட்டின் முன்னால் ஒன்று. பிறகு அந்த ஒன்றும் சிவப்பாகிக் கண் சிமிட்டியது. வண்டி யாரோ கையை எடுத்துவிட்ட ஊஞ்சல் மாதிரி மெல்ல மெல்ல நின்றது.

முடிந்தது என்று நினைத்தாள் வீரலட்சுமி. காதுக்குள் ஒக்கூர் ரைஸ்மில் ஓடத் தொடங்கிவிட்டது.

“நின்னுருச்சா?” என்றார் ஆச்சி.

“நின்னுருச்சு ஆச்சி. மேனேஜர் சாருக்குப் போன் போடட்டுமா? கார் அனுப்புவாரு.”

“வேண்டாம். அந்த ஆளு வந்தா மொதல்ல போட்டா எடுப்பாரு.”

முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஆச்சி தெருவில் நடப்பதில்லை. நடந்தாலும், நின்றுபோன தன் வண்டிக்குப் பக்கத்தில் நடந்துபோவதை நாலு பேர் பார்க்க விடமாட்டார். ஆகவே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் ஒரு ஆள் இல்லை. யானைகளுக்கு மேல் ஒரு கிளி வந்து உட்கார்ந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, பேச்சு ஒன்றும் நடக்கவில்லை என்று பறந்து போனது.

சிவப்புப் போய் ஒரு கட்டம் பச்சையானது. சற்று நேரத்தில் இரண்டு.

“ஏத்தா, ஏறுதே! போகலாமே?”

“கொஞ்சம் நிக்கட்டும் ஆச்சி. நம்ம மாடி ஏறி மூச்சு வாங்கி நிக்கையில தெம்பு வந்துட்ட மாதிரி இருக்கும்ல? அடுத்த படியில கால வச்சாத்தான தெரியும். அது மாதிரி.”

மூன்றானதும் மெதுவாக மிதித்தாள். உடனே ஒன்று. ஆனாலும் வண்டி நகர்ந்தது. கஜலட்சுமி வீடு தாண்டி, பச்சைக் கதவு வீட்டின் நிழல் வரைக்கும் போய்த் திரும்ப நின்றது. அங்கே ஒரு கால்மணி. பிறகு மிதித்தால் இன்னொரு வீடு. இப்படியே ஒரு வீட்டுக்கு ஒரு தூக்கமாக அவர்கள் திரும்பி வந்தார்கள். வெயில் கண்ணை அழுத்தியது. பூட்டின கதவுகள், பூட்டின ஜன்னல்கள், பூட்டுக்கு மேலே பூட்டு. இந்த வீடுகளுக்குள்ளும் எங்கேயோ ஒரு மீட்டர் இருக்கும் என்று வீரலட்சுமிக்குத் தோன்றியது. கல்யாணத்துக்குத் திறந்த அன்றைக்குப் பத்துக் கட்டம் எரியும். பந்தல் பிரித்துக் காரில் ஏறிப் போனதும் ஒவ்வொன்றாக அணையும். நின்ன இடத்திலேயே வடியும். ஆச்சி பக்கத்தில் கண் மூடியிருந்தார். அவருக்கு எத்தனை கட்டம் என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏழு இருக்கும்.

பச்சைக் கதவு வீட்டு நிழலில்தான் ஆச்சி பேச ஆரம்பித்தார்.

“எனக்கு மனசே ஆறல பாரு. இந்தப் பேட்டரிகள நான் எப்படிப் பாத்துக்கிறேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சிட்டு நானே தண்ணி ஊத்தி, ஆறுக்கும் குங்குமம் வச்சு விடுறேன். நேத்துக்கூட.”

வெள்ளிக்கிழமை. வீரலட்சுமி இல்லாத நாள்.

“என்னா தண்ணி ஆச்சி?”

“என்னா தண்ணியா? கடையிலேருந்து அந்தக் கேன் தண்ணிய வாங்கிட்டு வந்தாரு பாண்டியராஜன். எதுக்குன்னேன். குழாத் தண்ணியில உப்பு இருக்கும், சுத்தமான தண்ணிதான் ஊத்தணும்னாரு. சுத்தமான தண்ணிக்கு இந்த வீட்டுல பஞ்சமா? தையிலேருந்து நம்ம வளவு மழைத் தண்ணிதான் ஊத்துறேன். ஆகாசத்துலேருந்து நேரா ஓட்டுல விழுந்து, நேரா அண்டாவுல எறங்குன தண்ணி.”

அந்த அண்டாவைத் தெரியாதவர் ஊரில் இல்லை. ஆச்சியின் மாமியார் சீராகக் கொண்டு வந்தது. மூன்று பேர் கை கோத்தாலும் எட்டாது. கழுத்தில் தலைப்பெழுத்து வெட்டியிருக்கும். ஐப்பசி மழையைப் பிடித்து வைத்து, வெள்ளைக்காரர்களுக்கு அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்து, பாண்டியராஜனே இங்கிலீஷில் அரைமணி நேரம் பேசுவார்.

நல்ல செம்பு அண்டா.

ஒரு வார்த்தை சொன்னால் சாவி வீரலட்சுமியுடையது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது? ஆச்சி, உங்கள் மாமியார் அண்டாதான் வண்டியைத் தின்றுவிட்டது என்றா? அந்த வீட்டில் உப்பு குறைந்தால்கூட, இன்றைக்கு நாக்கு ஒரு மாதிரி இருக்கிறது ஆச்சி என்றுதான் சமையல்காரர் சொல்வார். இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவள் அங்கே வேலையில் இருப்பதும் ஒன்றுதான், இல்லாமல் போவதும் ஒன்றுதான்.

மூன்று கட்டம் வந்தது. மிதித்தாள். நீல ஓடு பதித்த வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள். வண்டி நின்றதும் கேட்டாள்.

“வேற எதுக்கும் அந்தத் தண்ணிதானா ஆச்சி?”

“வேற எதுக்கு? ஆங், இன்வெர்ட்டருக்கும் அதேதான். அதுக்கும் பொட்டு வைக்கிறேன்.”

“இன்வெர்ட்டர் நல்லா நிக்குதா ஆச்சி?”

“எங்க நிக்குது! முன்னாடியெல்லாம் கரண்டு போனா நாலு மணி நேரம் ஃபேன் ஓடும். இப்பப் பத்து நிமிஷம் சுத்திட்டுப் படுத்துருது. எலி வயரக் கடிச்சிருக்கும்ங்குறாரு பாண்டியராஜன்…”

ஆச்சி நிறுத்தினார். வீரலட்சுமி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று வந்ததும் மிதித்தாள். வண்டி தன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பி, தேக்குத்தூண் வைத்த வீட்டின் முன்னால் நின்றது. ஆச்சி கையிலிருந்த கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“ஏத்தா.”

“சொல்லுங்க ஆச்சி.”

“அப்ப அந்த இன்வெர்ட்டர ராத்திரி எவ ஓட்டிக்கிட்டுப் போறா?”

வீரலட்சுமி துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள். ஆச்சிதான் முதலில் சிரித்தார். சேலைத்தலைப்பு நழுவ, முழங்கால் வலியை மறந்து முன்னால் குனிந்து சிரித்தார். வண்டியே குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை மட்டும் பழையபடி இறுக்கினார்.

“அண்டாவப் பத்தி வெளிய மூச்சு விடக்கூடாது.”

“விடமாட்டேன் ஆச்சி.”

“எங்க மாமியா அண்டா.”

“தெரியும் ஆச்சி.”

அவள் விடவில்லை, அது சத்தியம். ஆனால் பூட்டின வீடு என்றால் ஆள் இல்லாத வீடு என்று நினைப்பது வெளியூர்க்காரர்கள் வழக்கம். ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னாலும் பெருக்க, தெளிக்க, காவல் காக்க ஒருவர் உண்டு. வண்டி அன்றைக்கு எந்தெந்த வாசலில் தூங்கியதோ அந்தந்த வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு காது விழித்திருந்தது. கஜலட்சுமி வீட்டுக்கு மாடிப்படி மூச்சு கிடைத்தது. பச்சைக் கதவுக்கு வெள்ளிக்கிழமையும் குங்குமமும் கிடைத்தன. நீல ஓட்டு வீட்டுக்கு இன்வெர்ட்டரும், தேக்குத்தூண் வீட்டுக்கு மாமியாரும். சாயங்காலம் நாலு பேரும் தண்ணிக் குழாயடியில் சந்தித்து ஒட்டுப்போட்டுப் பார்த்தபோது கதை முழுசாக இருந்தது. ஒரு கட்டம்கூடக் குறையவில்லை.

வண்டி வாசலுக்கு வந்தபோது மணி இரண்டே கால். பாண்டியராஜன் போனோடு ஓடி வந்தார்.

“ஆச்சி, நான் சொல்லல? வழியில நின்னுச்சுல்ல?”

“நிக்கல. நான்தான் வீடு வீடா நிறுத்திப் பாத்துட்டு வந்தேன். பேட்டரி ஆறும் பழசாப்போச்சு, மாத்துவோம். சாவி வீரலட்சுமிகிட்டயே இருக்கட்டும்.”

“ஆனா ஆச்சி, அந்த நாலு கட்டம்…”

“போட்டா எடுக்குறத விட்டுட்டு அந்தக் கேன் தண்ணிய எங்க வச்சீகன்னு தேடிக் கொண்டாங்க.”

புதுப் பேட்டரிகளை மாட்ட பர்வீன் பானு கடையிலிருந்து கோட்டைச்சாமி என்பவர் வந்தார். ஆறையும் மாட்டி, சார்ஜ் ஏற்றி, வயரைப் பிடுங்கினார். பத்துக் கட்டம். பாண்டியராஜன் போனை நீட்டினார்.

“இப்ப எடுக்காதீக” என்றார் கோட்டைச்சாமி. “ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் பாக்கணும்.”

“அத நானும் சொன்னேன், கேக்கல” என்றாள் வீரலட்சுமி.

கோட்டைச்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்த இரண்டு மணி நேரமும் அவர் வண்டியின் பின் இருக்கையில் பின்பக்கம் பார்த்தும், அவள் முன் இருக்கையில் முன்பக்கம் பார்த்தும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிய மாதிரி தெரியவில்லை என்பது எதிர்வரிசையின் சாட்சியம். இரண்டு மணி நேரம் முடிந்து யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை, மூன்று மணி நேரம் ஆயிற்று என்பதும் அதே சாட்சியம்தான். அடுத்த வாரம் தண்ணி மட்டம் பார்க்க என்று வந்தார். அதற்கடுத்த வாரம், போன வாரம் பார்த்த மட்டம் சரிதானா என்று பார்க்க வந்தார். புதுப் பேட்டரிக்கு அத்தனை அக்கறை யாரும் காட்டி அந்தத் தெரு பார்த்ததில்லை.

ஆவணியில் இளையாத்தங்குடிக்குப் பக்கத்தில், கோட்டைச்சாமியின் ஊரில் கல்யாணம். ஒக்கூர் பெரியகருப்பன் முதலில் முறுக்கிக்கொண்டு நின்று, பிறகு மாப்பிள்ளையின் மோட்டார் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றினார். ரைஸ்மில்லுக்காரர் சிங்கம்புணரியில் பெண் எடுத்தார். அந்தப் பெண் வீட்டிலும் மில்லாம், தவிட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். வீரலட்சுமி காரைக்குடிக்குக் குடிபோனாள், ஆனால் தினமும் எட்டு மணி பஸ்ஸில் வந்து சாவியை வாங்கிக்கொள்கிறாள். பாண்டியராஜன் ஏற்காட்டில் ஓர் ஓட்டலுக்குப் போய்விட்டார். மச்சினன் அஜித் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அண்டா சென்னைக்கு ஆச்சியின் மகள் வீட்டுக்குப் போனது. பன்னிரண்டாவது மாடி ஃபிளாட்டில் அதற்குள் குடைகளைப் போட்டு வைத்திருக்கிறார்களாம்.

அனுசுயா மதுரையில் மகளோடு போய் இருக்கிறார். பஸ் போகும் ரோட்டு மேல் வீடு. விடிய விடிய எல்லா வண்டிக்கும் சத்தம் இருக்கிறது, எது எங்கே போகிறது என்று கேட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை, பொழுதே போகவில்லை என்று போனில் புலம்புகிறார்.